கான்கிரீட்டுக்கும் வாய் உண்டு



பால்மரத்தடியில் நிற்கும் நமக்கு, பெரிய கிளை முறியுமுன் எழும் ஓசை தெரியும். காது கொடுத்தவன் விலகி ஓடுகிறான், பிழைக்கிறான். கான்கிரீட்டும் அவ்வாறே வெடிப்புக் காணும்போது ஒலி எழுப்புகிறது. ஆனால் அது மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலி. வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கீச்சென்று கத்துமல்லவா? அதே இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இவ்வகை ஒலிகளை ஜெர்மனியில் ஜோசப் கைசர் என்பவர் ஆராய்ந்து 1950-ம் ஆண்டில் வெளியிட்டார்.

சுவரில் சிறு கருவிகளை ஒட்டி வைக்கிறார்கள். உள்ளே வெடிப்பு ஒரு மயிரிழை நீண்டாலும் அந்த அதிர்வைக் கருவி மின்சாரமாக மாற்றிப் பதிந்துகொள்கிறது. பிரட்டு மணி அடித்தால் பக்கத்து லயத்திற்கு முதலிலும் கடைசி லயத்திற்குப் பிறகும் கேட்கிறதல்லவா? அந்த நேர வித்தியாசத்தை வைத்தே வெடிப்பு எங்கே என்று கணக்கிடுகிறார்கள்.

இலண்டனில் 1961-ல் திறந்த ஹாமர்ஸ்மித் மேம்பாலத்தைப் பாருங்கள். பனி உருக்கத் தூவிய உப்பு, நீரோடு இறங்கி உள்ளிருந்த எஃகுக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்தது. கருவிகளில் கம்பி இழைகள் அறுபடும் ஓசை பதிவாகி வந்தது. பிறகு உள்ளே சோதித்து, நிலைமை மோசம் என்று கண்டு, 2011 டிசம்பரில் பாலத்தை மூடினார்கள். வண்டிகள் சுற்றிப் போயின, ஊர் முணுமுணுத்தது. பாலம் விழவில்லை!

நம் கெடாவில் 1970-ல் நிறைவேறிய மூடா பாசனத் திட்டத்தில், மூடா அணை கான்கிரீட்டாலானது. அதன் நீர் சுரங்க வழியே பெடு அணைக்குச் சென்று வயல்களுக்குப் பாய்கிறது. அணையில் குறை என்று நாம் சொல்ல வரவில்லை. அரை நூற்றாண்டு தாண்டிய கட்டடம் எதற்கும் காது கொடுக்க ஆள் வேண்டும் என்கிறோம்.

இக்கருவிக்கும் ஒரு குறை உண்டு. பொருத்துவதற்கு முன்பே அறுந்தவை அதற்குக் கேட்காது. ஆகவே பிந்திப் பொருத்திப் பயனில்லை.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இத்தகைய கருவி வருமா என்று கிராணிமார் சிரிக்கலாம். வேண்டாம், சிறு சுத்தியல் போதும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அப்படி எட்டும் இடத்தில் மெல்லத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீர் என்னும். துரு வீங்கி மேற்பூச்சை உள்ளிருந்து தள்ளிய இடம் பொத்தென்னும். ஆலையில் பால் உறையவைக்கும் ஆசிட் பட்ட தளத்தையும் பாருங்கள். ஆசிட் சிமெந்தை அரிக்கும்.

பொத்தென்ற இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுங்கள். வெடிப்பின் இரு நுனியிலும் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், தேதியோடு எழுத்து மூலமாக நிர்வாகத்திற்குக் கொடுத்து, ஒரு நகலைச் சங்கத்தில் வையுங்கள். பதில் வரும்வரை பிள்ளைகளைத் தொட்டியடியில் விளையாட விடாதீர்கள்.