அமர்ந்திருப்பவர் இடாத கட்டளை



மின்சக்கர நாற்காலி பற்றிய இக்கருத்தரங்கிற்கு வந்துள்ள கட்டுரைகள் பேட்டரி, சாய்தளம், பிரேக், இருக்கை எனப் பல பொருள்களைத் தொடுகின்றன. தலைமை உரையில் நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நடந்து முடிந்த பிறகு தடயம் எதையும் விட்டுச் செல்லாத ஆபத்து அது: ரேடியோ அலைகளின் குறுக்கீடு.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குச் சில புகார்கள் வரத் தொடங்கின. அந்நாட்டில் மருத்துவக் கருவிகளுக்கும் பொறுப்பான அமைப்பு அதுதான். நின்றிருந்த நாற்காலி தானாக நகர்ந்தது என்றார்கள். நேராகச் சென்றது சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது என்றார்கள். பக்கத்தில் போலீஸ், தீயணைப்பு, துறைமுகக் காவல் வயர்லெஸ்கள் பேசிய நேரத்தில் நாற்காலி நடைபாதை விளிம்பைத் தாண்டி இறங்கியது, படகுத்துறையின் ஓரத்தைத் தாண்டியது என்றுகூடச் செய்திகள் வந்தன. 'கை தவறுதலாகப் பட்டிருக்கும்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டிருக்கலாம். நிர்வாகத்தினர் அப்படிச் செய்யவில்லை. நாற்காலிகளைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுபோய், அளவு தெரிந்த ரேடியோ அலைகளை அவற்றின்மீது செலுத்திப் பார்த்தார்கள். மீட்டருக்கு 5 முதல் 15 வோல்ட் வரையான புலத்திலேயே சில நாற்காலிகள் தடுமாறின. யாரும் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே சக்கரம் சுழன்றது, பிரேக் விடுபட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்கும்போது ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. முன்னே தள்ளினால் அது சற்று ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும். அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தைத்தான் பெட்டி கட்டளையாகப் படிக்கிறது. கைப்பிடியிலிருந்து இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிவரை போகும் வயர், ரேடியோ அலைக்கு ஓர் ஆன்டெனா. 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர், 450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர். வயர்லெஸ் கருவிகள் பேசும் இந்த அலைகளும் நாற்காலியின் வயர்களும் ஏறக்குறைய ஒரே அளவுப் பொருள்கள். வயர் ஏந்திக்கொண்ட அதிவேக அலைவு, பெட்டிக்குள் இருக்கும் குறைகடத்திகளின் சந்திகளில் ஒருதிசைப்பட்டு, சிறு நேர்மின்னழுத்தமாக மாறிவிடுகிறது. ஜாய்ஸ்டிக் தரும் அழுத்தத்தோடு அதுவும் கூடிக்கொள்கிறது. அமர்ந்திருப்பவர் இடாத கட்டளை அவர் இட்டதாகப் பதிவாகிறது.

இடது சக்கரத்துக்கு ஒரு மோட்டார், வலது சக்கரத்துக்கு ஒரு மோட்டார். இரண்டுக்கும் போகும் பொய்க் கட்டளை சமமாக இராது. ஆகவேதான் நாற்காலி நகர்வதோடு நில்லாமல் திரும்பவும் செய்கிறது. பிரேக்கின் கதை இன்னும் கவலைக்குரியது. மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். ஓட்டும் கட்டளை வந்ததும் பெட்டி மின்சாரம் கொடுத்து விடுவிக்கும். பொய்க் கட்டளைக்கும் அது அப்படியே விடுபடும். சமதளத்தில் இது ஓர் அதிர்ச்சியோடு போகலாம். சரிவில் அப்படி அல்ல.

ஒலிபரப்புக் கோபுரங்களைக் கண்டு அஞ்சுகிறோம், கையில் உள்ள வயர்லெஸ் கருவியைக் கண்டு அஞ்சுவதில்லை. திறந்த வெளிக்கான எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 5 வாட் வாக்கி-டாக்கியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் புலத்தின் வலிமை மீட்டருக்குச் சுமார் 15 வோல்ட். அரை மீட்டரில் அது 30 வோல்ட் ஆகிறது. 20 கிலோவாட் ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 10 வோல்ட்தான். தோராயக் கணக்கு இது; சுவரும் இரும்பும் தரையும் இந்த எண்களை ஏற்றும், இறக்கும். ஆனாலும் பாடம் தெளிவு. ரயில் நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் சக்கர நாற்காலிக்கு வழிவிட்டு, குனிந்து உதவி செய்யும் காவலரின் தோளில் இருக்கும் கருவிதான் கோபுரத்தைவிட நெருக்கமான காரணம்.

1994-இல் அந்த அமெரிக்க நிர்வாகம் உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் எழுதியது. மீட்டருக்கு 20 வோல்ட் புலத்தையாவது நாற்காலி தாங்க வேண்டும், தாங்கும் அளவைப் பயனாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2003-இல் ஐஎஸ்ஓ 7176 தொடரின் 21-ஆம் பகுதி, சோதனை முறையைப் பன்னாட்டுத் தரமாக வகுத்தது. பொறியியலும் முன்னேறியது. உலோக வலை சுற்றிய வயர், ஃபெரைட் வளையம், உள்ளே கடத்தும் பூச்சு பூசிய பிளாஸ்டிக் பெட்டி, ஒன்றையொன்று சரிபார்க்கும் இரட்டைச் சமிக்ஞை ஜாய்ஸ்டிக் என வழிகள் பல வந்துவிட்டன. நல்ல நிறுவனங்களின் இன்றைய நாற்காலிகள் அன்றைய நாற்காலிகளைவிடப் பாதுகாப்பானவை என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

ஆனால் அன்று பயனாளருக்குத் தரப்பட்ட அறிவுரைகளில் ஒன்றை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை. நாற்காலி இயங்கும்போது கைபேசி போன்றவற்றை இயக்காதீர்கள் என்பது அது. எச்சரிக்கையாக அது சரி, தீர்வாகச் சரியல்ல. தனியே வெளியே செல்லும் தண்டுவடப் பாதிப்புடையவருக்குக் கைபேசி ஆபத்துக் காலத் துணை. அதை அணைத்து வைக்கச் சொல்வது, வடிவமைத்தவரின் பொறுப்பை அமர்ந்திருப்பவரின் மடியில் இறக்கி வைப்பதாகும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. ஜாய்ஸ்டிக் வயர் அறுந்தால் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையில் சாதாரண வயரைப் போட்டு ஒட்டித் தருகிறார்கள். நாற்காலி ஓடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வலை போர்த்திய வயர் போய்விட்டது. சோதனையில் தேறிய நாற்காலி இனி அதுவல்ல. கூடுதல் விளக்கு, கைபேசிச் சார்ஜர், சுவாசக் கருவி என்று நாற்காலியில் எதைச் சேர்த்தாலும் இதே கேள்வி எழும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வலை எதற்கு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இங்கேதான் என் மையக் கருத்துக்கு வருகிறேன். ரேடியோ குறுக்கீடு எரிந்த பாகத்தையோ முறிந்த அச்சையோ விட்டுப்போவதில்லை. வயர்லெஸ் பேச்சு முடிந்ததும் நாற்காலி பழையபடி ஒழுங்காக ஓடும். மெக்கானிக் வந்து பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதிப் போவார். மிஞ்சுவது ஒருவருடைய சொல் மட்டும். அந்தச் சொல்லை நம்ப மறுத்தால் இந்தத் துறையில் முதல் தரவே இல்லை. 1994-இன் வரையறை அளவைக் கருவியில் தொடங்கவில்லை. 'நான் தொடவில்லை, அதுவே போனது' என்று சொன்னவர்களிடமிருந்து தொடங்கியது.

தமிழ்நாடு அரசு தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் பேட்டரி சக்கர நாற்காலிகளை வழங்கிவருகிறது. விரல் அசைவு மட்டுமே எஞ்சியவர்கள் இவர்களில் உண்டு. தானாக ஓடும் நாற்காலியிலிருந்து குதித்துத் தப்ப அவர்களால் ஆகாது. மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவு செய்யும் இந்தியத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டு, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. வழி இருக்கிறது. அதில் நம் ஊர்ச் செய்திகள் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். கொள்முதல் ஒப்பந்தப் புள்ளிகளில் குறுக்கீட்டைத் தாங்கும் அளவைக் கட்டாய நிபந்தனையாக்குமாறு பரிந்துரை செய்யுங்கள். ஜாய்ஸ்டிக் அசைவையும் மோட்டாருக்குப் போன கட்டளையையும் தனித்தனியே நேரத்தோடு பதிந்துவைக்கும் வசதியை, இங்குள்ள இளம் பொறியாளர்களே, உங்கள் வடிவமைப்பில் சேர்த்துவிடுங்கள். இன்றைய முதல் அமர்வில் கட்டுரை வாசிப்புக்கு முன்பாக, நாற்காலியில் வந்திருக்கும் நண்பர்களைப் பேச விடுங்கள். அவர்கள் சொல்வதை இடம், நேரம், அருகில் இருந்த கருவி ஆகியவற்றோடு ஒருவர் எழுதிக்கொள்ளட்டும்.