பாட்டு நம்முடையது, பேர் யாருடையது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்த பிறகு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இவர் பகலில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறார். இரவில் சொந்தமாகப் பாட்டு அமைத்து வெளியிடுகிறார்.)



குப்பை வண்டி, தெருவிளக்கு, போர்வெல் மோட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பின்னால் போண்டா வாசம் வருகிறது. அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மூணாவது வீதி அண்ணன் போன மாசம் என்னைக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நம்ம பையன் பாட்டுப் போடறேன்னு சுத்தறான். அதை எப்படிச் செய்யறது, எங்க போடறது, காசு கீசு வருமா?" மூன்றும் நல்ல கேள்விதான். நான் நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பாட்டு யார் பேரில் இருக்கும்? என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். நான் அதைக் கடைசியில் கேட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மிச்சி கடலைக்காட்டில் களை எடுக்கும்போது கும்மிப் பாட்டுப் பாடுவார். 2018இல் ஒருநாள் திண்ணையில் உட்கார வைத்து, போனிலேயே அதைப் பதிவு செய்தேன். பிறகு அதற்கு உறுமியும் தாளமும் சேர்த்தேன். ஒரு சேனல்காரர் கேட்டுவிட்டு, "குடுங்க, நாங்க போடறோம், நாலு பேருக்குத் தெரியும்" என்றார். மெயிலில் அனுப்பினேன். காகிதம் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் "சரிங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பாட்டு வந்தது, நிறையப் பேர் கேட்டார்கள், எங்களுக்கும் சந்தோஷம்.

2021இல் அம்மிச்சி தவறிவிட்டார். அடுத்த வருடம் என் மகள் பள்ளி ஆண்டு விழாவில் அதே பாட்டுக்குக் கும்மி ஆடினாள். அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றினேன். அரை மணி நேரத்தில் தகவல் வந்தது: இந்த வீடியோவில் வேறொருவருக்கு உரிமையுள்ள இசை இருக்கிறது. அந்த வேறொருவர், நான் பாட்டு அனுப்பிய சேனல். என் அம்மிச்சி குரல், என் தாளம், ஆடுவது என் மகள், உரிமை மட்டும் அவர்களுக்கு. அப்போதுதான் அவர்கள் போட்ட வீடியோவின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "பாரம்பரிய கிராமியப் பாடல்" என்று இருந்தது. பாடியவர் பேர் எங்குமே இல்லை.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது அண்ணனின் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலில், எப்படிச் செய்வது. பெரிய ஸ்டுடியோ வேண்டியதில்லை. ஒரு மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். எனக்குச் சுமார் இருபதாயிரம் ரூபாய் ஆனது. மென்பொருளுக்குப் பணம் வேண்டாம். ஆடாசிட்டி, பேண்ட்லேப் இரண்டும் இலவசம். அறையில் எதிரொலி வராமல் இருக்கச் சுவர் ஓரம் பவானி ஜமக்காளம் இரண்டைத் தொங்கவிட்டேன்.

நம் ஊரில் பெரிய தொல்லை சத்தம்தான். ஒரு பக்கம் தறி, இன்னொரு பக்கம் சத்தி ரோட்டு லாரி. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் பேப்பரில் வரும் இல்லையா, அன்றைக்கு லீவு போட்டுவிடுவேன். தறி ஓடாது, மிக்ஸி ஓடாது, பக்கத்து வீட்டு டி.வி. ஓடாது. லேப்டாப் பேட்டரியில் இன்டர்ஃபேஸும் மைக்கும் ஓடும். நீங்கள் எல்லோரும் கரண்டைத் திட்டும் நாளில் நான் பாடிக்கொண்டிருப்பேன்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அளவு காட்டும் கோடு சிவப்புக்குப் போகக் கூடாது. போனால் குரல் உடைந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் ஒட்ட வைக்க முடியாது. முக்கியமாக, பதிவு செய்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மிச்சி பாடிய மூலப் பதிவு என் பழைய போனில் மட்டும் இருந்தது. அந்தப் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

அடுத்து, எங்கே போடுவது. யூடியூபில் நாமே நேரடியாக ஏற்றலாம். நம் கோயம்புத்தூர்ப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி சினிமாவுக்குப் போகும் முன்பே இணையத்தில் பாட்டுப் போட்டுத்தான் அறிமுகமானார். 2012இல் "ஹிப் ஹாப் தமிழன்" ஆல்பம் வந்தபோது, சினிமா இல்லாமலும் தமிழில் பாட்டு ஓடும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் நாம் நேரடியாக ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் ஆகியவற்றில் வருடச் சந்தா கட்டலாம். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம். ரவுட்நோட்டில் பணம் கட்டாமலே போடலாம், வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். வருடச் சந்தா என்றால், கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்று விதிமுறையில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். பாட்டுக்கு ஆதார் எண் மாதிரி. அதை நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். படிவத்தில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்பார்கள். அவசரத்தில் எல்லாவற்றிலும் ஒரே பேரைப் போடாதீர்கள். பேரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். வெளியீட்டுத் தேதியை மூன்று நாலு வாரம் தள்ளியே வையுங்கள். ஸ்பாட்டிஃபை தொகுப்புகளுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, காசு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் ஒரு பாட்டு 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குப் பணம் கணக்கிடுவார்கள். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருடத்தில் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை ஓடியிருக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கியது. காய்ந்து கிடந்த குளத்துக்குத் தண்ணீர் வந்ததைப் பற்றி ஒரு பாட்டுச் செய்து வெளியிட்டேன். உங்களில் பலர் கேட்டீர்கள், நன்றி. அந்தப் பாட்டு இணையத்தில் சம்பாதித்த காசில் குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிட முடியாது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் கோயில் நோம்பிக்கும் கும்மி அரங்கேற்றத்துக்கும் கூப்பிட்டார்கள். பணம் அங்கேதான் வந்தது. இணையம் நமக்கு விசிட்டிங் கார்டு, சம்பளம் மேடையில். அண்ணன் பையன் வேலையை விட வேண்டாம், பாட்டையும் விட வேண்டாம்.

இப்போது நாலாவது கேள்வி.

2021 மார்ச்சில் வந்த "எஞ்சாயி எஞ்சாமி" நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். சினிமாப் பாட்டு இல்லை, தனிப் பாட்டு. தெருக்குரல் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதைகளிலிருந்து எழுதியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி அவர். தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அவ்வளவு புகழ் பெற்ற பாட்டிலும், அதே வருடம் ஒரு இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று சர்ச்சை வந்தது. எந்தப் பங்கு யாருடையது என்று 2022இல் மறுபடியும் பொதுவெளியில் பேச்சு வந்தது. 2024இல் அந்தப் பாட்டின் வருமானம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவ்வளவு பெரிய கலைஞர்களுக்கே இந்தச் சிக்கல் வருகிறது என்றால், "சரிங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பிய நான் எம்மாத்திரம்?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போனதுதான் குறை. 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். பழைய கும்மிப் பாட்டின் வரிகள் ஊருக்கே பொது. ஆனால் ஒருவர் பாடிய அந்தக் குரலுக்கும், அந்தப் பதிவுக்கும் தனி உரிமை உண்டு. பாடியவர் இன்னார் என்று பேர் சொல்லப்பட வேண்டும் என்பதையும் 2012 திருத்தம் சட்டத்தில் சேர்த்தது. பாட்டு எழுதுபவர்கள், இசையமைப்பவர்களுக்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1969 முதல் இருக்கிறது. அதில் உறுப்பினரானால், பாட்டு மற்ற இடங்களில் ஒலிக்கும்போது வரும் ராயல்டியை வசூலித்துத் தருவார்கள்.

ஆகவே பதிவுக்கு உட்காரும் முன்பே ஒரு பக்கம் எழுதுங்கள். யார் எழுதியது, மெட்டு யாருடையது, யார் பாடியது, யார் வாசித்தது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, வாசித்தவருக்கு ஒரே தடவை சம்பளமா, பங்கா. எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல். "சிநேகிதத்துக்குள்ள எதுக்குங்க காகிதம்?" என்பார்கள். பங்காளிக்குள் நிலத்தை அளந்து கல் நடுகிறோம் இல்லையா? சண்டை வரக் கூடாது என்றுதானே?

குளத்துப் பாட்டுக்கு உறுமி வாசித்த பெரியவரிடம் இப்படி ஒரு காகிதம் நீட்டினேன். அறுபது வயதுக்கு மேல் ஆனவர். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாப்பது வருசமா வாசிக்கறேன் சாமி, என்ற பேரை எழுதி ஒருத்தரும் கையெழுத்துக் கேட்டதில்ல" என்றார். அந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பேர் விஷயம் புதிதல்ல. 1902இல் கல்கத்தாவில் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நடந்தபோது பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிவில் தன் பேரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டு ஜெர்மனிக்குப் போய் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு யார் குரல் என்று தெரிய வேண்டும் அல்லவா? நம் ஊர்ப் பேரையே தன் பேரோடு வைத்திருந்த கோயம்புத்தூர் தாயி அந்தக் கால இசைத்தட்டுகளில் பெரும் புகழ் பெற்றவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவர் குரலில் மயங்கியவர். 1912இல் இந்தியாவுக்கு வந்து போன அவருடைய இசையில் அந்தப் பாதிப்பு உண்டு. நூறு வருடம் கழித்தும் இன்று நாம் தாயியைப் பற்றிப் பேச முடிகிறது என்றால், தட்டில் அவர் பேர் இருந்ததால்தான்.

அம்மிச்சி கதைக்கு வருகிறேன். யூடியூபில் மறுப்புத் தெரிவித்தேன். நான் பாட்டை அனுப்பிய பழைய மெயில், தேதியோடு இருந்தது. அதுதான் என்னிடம் இருந்த ஒரே ஆதாரம். அவர்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். சொல்லவில்லை. உரிமைக் கோரல் தானாகவே நீங்கியது. மகள் ஆடிய வீடியோ இப்போது இருக்கிறது.

ஆனால் அவர்கள் போட்ட பாட்டும் பேர் இல்லாமல் அப்படியே இருக்கிறது. நீக்கச் சொல்லி நான் கேட்கலாம். நண்பர்கள் கேட்கத்தான் சொல்கிறார்கள். ஒருநாள் ராத்திரி அதற்காகவே உட்கார்ந்தேன். கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். "எங்க ஆத்தா பாடற மாதிரியே இருக்கு", "ஊருக்கு வந்த மாதிரி இருக்கு" என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதியிருந்தார்கள். நீக்கச் சொல்ல மனசு வரவில்லை. பேரைச் சேருங்கள் என்று மட்டும் நாலு தடவை எழுதிவிட்டேன். ஐந்தாவது தடவையும் எழுதுவேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வள்ளி ஒயில் கும்மிக்காக மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் வீதிகளிலேயே நடவுப் பாட்டும், தாலாட்டும், கும்மியும் தெரிந்த பாட்டிமார் பத்துப் பேராவது இருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தைக் கொடுங்கள். மைக்கும் ஜமக்காளமும் நான் கொண்டுவருகிறேன். மூலப் பதிவு ஒன்று அவர்கள் வீட்டுக்கு, ஒன்று சங்கத்துக்கு. வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பாட ஆரம்பிக்கும் முன் அவர்கள் தங்கள் பேரையும், பிறந்த ஊரையும், அன்றைய தேதியையும் சொல்ல வேண்டும். இது ஒன்றுதான் என் நிபந்தனை. அம்மிச்சியிடம் நான் அதைக் கேட்கவில்லை. அவர் பேர் இராமாத்தாள். இந்த உரையைச் செய்திமடலில் போடும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போண்டா சாப்பிடலாம் வாங்க.