வளையல் போட்டா மூட்டுவலி போகுமா?

(மகளிர் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசிய உரை)



நம்ம குழுக்களில் நாற்பது வயசைத் தாண்டின பலருக்கும் மூட்டுவலி இருக்கு. நாற்று நட்டு, களை எடுத்து, தண்ணிக்குடம் சுமந்து உழைச்ச கை கால். இந்த வலிக்கென்று செப்புக் காப்பு, காந்த வளையல், காந்தப் பட்டை எல்லாம் சந்தையிலும் டிவி விளம்பரத்திலும் விற்கிறாங்க. உள்கடன் வாங்கியாவது ஒன்று வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிறவங்களும் நம்மில் உண்டு. வாங்கும் முன் கொஞ்சம் விசாரிப்போம்.

"பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, ஒரே வாரத்துல வலி போச்சு" என்கிறோம். அவங்க பொய் சொல்லலை. ஆனால் மூட்டுவலி ஏறும், இறங்கும். வலி தாங்காத நேரத்தில்தான் வளையல் வாங்குறோம். அடுத்த வாரம் வலி தானாகவே தணிஞ்சிருக்கலாம். பேர் மட்டும் வளையலுக்குப் போயிடுது. குணமாகும்னு நம்பிப் போட்டாலே வலி கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும் என்பதும் மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? புது உரம் வந்தால் ஒரு பாத்திக்குப் போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் இல்லையா? அதே முறைதான்.

இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் உள்ள 70 பேரிடம் இப்படிச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒவ்வொருவரும் நான்கு பொருளை மாற்றி மாற்றிப் போட்டாங்க: காந்தப் பட்டை, காந்தம் குறைந்த பட்டை, காந்தமே இல்லாத பட்டை, செப்புக் காப்பு. ஒவ்வொன்றும் 5 வாரம். வலியைக் கேட்டுக் குறித்தாங்க. ரத்தமும் எடுத்துப் பார்த்தாங்க. காந்தமும் செம்பும் போலிப் பட்டையைவிட மேலாக வேலை செய்யலை. வலியும் வீக்கமும் குறையலை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 2004-ல் அதே நாட்டில் மூட்டுத் தேய்மானம் உள்ள 194 பேரிடம் நடந்த ஆய்வில், காந்த வளையல் போட்டவங்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் காந்தம் இரும்புச் சாவியில் ஒட்டுமே! எது அசல், எது போலி என்று போட்டவங்களுக்கே தெரிந்துவிடலாம். அதனால் குறைந்தது காந்தத்தாலா, நம்பிக்கையாலா என்று அந்த ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியலை.

கையில் கிடக்கிற செப்புக் காப்பை ஆசைக்குப் போடலாம், தப்பில்லை. தோல் அரிச்சா கழட்டிடணும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவங்க டாக்டரைக் கேட்காமல் காந்தம் போடக்கூடாது. பெரிய ஆபத்து எது தெரியுமா? வளையலை நம்பி மாத்திரையை நிறுத்துறது.

விரல், மணிக்கட்டு இரண்டு கையிலும் வீங்கி, காலையில் அரைமணி, ஒருமணி நேரம் மடக்க முடியாமல் இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாத்தலாம். ஆறு மாசம் வளையலோடு காத்திருந்து விரல் கோணிப்போனால் திரும்ப நேராக்குறது கஷ்டம். நடவும் போச்சு, கூலியும் போச்சு.

முழங்கால் தேய்மானத்துக்குக் காசில்லாத வைத்தியம் இருக்கு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்கணும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும். தொடைத் தசை பலமானால் முட்டிக்குச் சுமை குறையும். உடம்பு எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் நல்ல பலன் தரும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்க கிராம சுகாதார செவிலியரிடம் விவரம் கேளுங்க.

இனி யாராவது வளையல் விற்க வந்தால் ஒரே கேள்வி கேட்போம்: "போலியோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?" பதில் இல்லைன்னா காசை முடிச்சிலேயே வைப்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்க.