முப்பது செகண்ட்ல காணாம போறவங்க

விடியறதுக்கு முன்னாடி பெசன்ட் நகர் பீச்ல ட்ரைபாட் போட்டு, 30 செகண்ட் ஷட்டரைத் திறந்து வெச்சுப் பாருங்க. அலையெல்லாம் பனி மாதிரி ஆயிடும். ஷ்மிட் நினைவுச் சின்னம் அசையாம நிக்கும். ஆனா ஊரூர் குப்பத்துல இருந்து வலையைத் தூக்கிட்டு நடந்து போறவங்க படத்துல இருக்க மாட்டாங்க. நிக்காம நகர்ற ஆள் அவ்ளோ நேரத்துல பதியறதில்ல.

அந்தப் படத்துக்குத்தான் லைக் நிறைய. ‘எவ்ளோ அமைதி!’னு கமெண்ட் வேற. எனக்கு அதுதான் உறுத்துச்சு. அந்தக் கரையில பிழைக்கறவங்களை அழிச்சு வந்த அமைதி அது.

இப்போ ராமேஸ்வரம் போனாலும் 1/15 செகண்ட்தான். அலை லேசா இழுபடும், வலை வீசுற கை மங்கும், ஆனா ஆள் இருப்பார். உங்க ஏரியாவுலயும் ஒரே இடத்தை ரெண்டு ஸ்பீட்லயும் எடுங்க. யார் காணாம போறாங்கன்னு பாருங்க.