பிறந்த பிள்ளைக்கு எது தாயகம்?

(விருத்தாசலம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மணிமுத்தாற்றங்கரையில், பீங்கானுக்குப் பெயர் பெற்ற இந்த ஊரில் நின்று, குழந்தைகளின் குடியுரிமை பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிறந்த பிள்ளைக்குப் பாலும் தாலாட்டும் போதாவோ, குடியுரிமை எதற்கு என்று கேட்கத் தோன்றும். அயல்நாட்டில் பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள். எதற்கு என்பதை அவர்கள் கூறுவர்!

நம் வட்டாரத்து இளைஞர் பிழைப்புத் தேடி வளைகுடா செல்கிறார், சிங்கப்பூர் செல்கிறார், படித்தவர் அமெரிக்கா செல்கிறார். கையில் இருப்பது சில ஆண்டுகளுக்கான விசா. மனைவியும் உடன் செல்கிறார். அங்கே குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தை எந்த நாட்டுக்கு உரியது?

குவைத் தந்தையின் குடியுரிமையைப் பார்க்கிறது. பெற்றோரில் ஒருவரேனும் தன் குடிமக்களா என்று கேட்கிறது சிங்கப்பூர். அங்கே பிறந்தது என்பதால் மட்டும் உரிமை கிடைப்பதில்லை. ஆகவே அது நம் நாட்டுப் பிள்ளை. ஆனால் நம் சட்டமும் ஒரு நிபந்தனை விதிக்கிறது. 2004 டிசம்பர் 3 முதல், அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதனிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் உறுதி கூற வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதியை நாட வேண்டும். தூதரகமோ தொலைவில், விடுப்போ முதலாளியின் கையில்! நாள் தவறினால் அல்லல் யாருக்கு? தவறேதும் அறியாத தொட்டில் குழந்தைக்கு! ஆகவே தோழர்களே, கடல் கடந்து வாழும் உங்கள் உறவினருக்கு இந்தச் செய்தியை இன்றே தெரிவியுங்கள்.

அமெரிக்காவின் நிலை வேறு. அந்த மண்ணில் பிறந்தோர் குடிமக்கள் என்று 1868இல் அவர்தம் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் கூறிற்று. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர், சீனா சென்று திரும்பியபோது, நீ அயலான் என்று தடுக்கப்பட்டார். அவர் வழக்காடினார், 1898இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அந்த உரிமையைத்தான் 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஒரு கையெழுத்தால் சுருக்க முனைந்தார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லையென்றால், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது அந்த ஆணை. நீதிமன்றங்கள் குறுக்கிட்டுத் தடை விதித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அன்று இங்கே எத்தனை வீடுகளில் கலக்கம்! எத்தனை குரல்கள், அநீதி, அநீதி என்று!

அநீதிதான். ஆனால் அதை அநீதி என்று கூறும் வாய், நம் வீட்டைப் பற்றியும் பேச வேண்டாமா?

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பிறந்த மண்ணே உரிமை தந்தது. 1950 ஜனவரி 26 முதல் இங்கே பிறந்தோர் குடிமக்கள் என்றது 1955ஆம் ஆண்டுச் சட்டம். பின்னர் வந்த திருத்தம், 1987 ஜூலை 1 முதல் அந்தக் கதவைச் சாத்திற்று. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்றது. 2004இல் இன்னொரு தாழ்ப்பாளும் விழுந்தது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது என்று!

இதனால் வாடுவோர் யார்? 1983க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த நம் உடன்பிறப்புகளின் பிள்ளைகள்! தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் அவர்கள் வாழ்கிறார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிறப்பால் இவர் இந்தியரே என்று தீர்ப்பளித்தது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். மகிழ்ச்சி! ஆனால் அதே முகாமில் 1988இல் பிறந்த குழந்தை? அதே கடற்காற்று, அதே தமிழ்ப் பள்ளிக்கூடம். எனினும் அக்குழந்தை அயலார்! நாட்காட்டியா மனிதனுக்குத் தாயகத்தைத் தருவது?

2019இல் வந்த திருத்தம் மூன்று நாட்டாருக்கு வழி திறந்தது. அதில் இலங்கை இல்லை. 2025இல் மத்திய அரசு, முன்பே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இருந்துகொள் என்று கூறிற்று. எம்மவர் என்று கூறவில்லை!

1948இல் இலங்கை அரசு மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது தமிழகம் கொதித்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் அந்த மண்ணுக்கு உரியவன் என்று வாதாடினோம். அந்த நியாயம் கடல் தாண்டி இங்கே வந்ததும் கரைந்துவிடுமோ?

வருவோர்க்கெல்லாம் கதவைத் திறந்தால் நாடு தாங்குமா என்று சிலர் கேட்பர். நாம் கேட்பது அதுவன்று. வந்தவரைப் பற்றியதன்று இப்பேச்சு. இங்கேயே பிறந்து, வளர்ந்து, செல்ல வேறிடம் அறியாத பிள்ளையைப் பற்றியது.

இந்த ஊர்ச் சூளையைப் பாருங்கள். மண் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. இந்த நெருப்பில் வெந்தால், அது விருத்தாசலத்துப் பீங்கான்! மண்ணுக்கு நாம் அளிக்கும் அந்த உரிமையை, மழலைக்கு மறுப்பது முறையா?

நம் பிள்ளைக்கு அங்கே நீதி கேட்போம். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அதே நீதியை வழங்கும் சட்டத் திருத்தத்தைக் கேட்போம். இரண்டையும் ஒரே குரலில் கேட்டால்தான் நம் குரலுக்கு வலிமை!