பிள்ளைகளுக்கு ஒரு சுவர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், முன்பள்ளிகளிலும் ஆரம்பப் பிரிவுகளிலும் கற்பிக்கும் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)





நூற்றாண்டு நினைவாக ஆரம்பப் பிரிவுக்கு என்ன செய்து கொடுக்கலாம் என்று சங்கம் எங்களிடம் கேட்டது. ஸ்மார்ட் போர்ட் வாங்கலாம் என்று ஒரு யோசனை ஏற்கெனவே இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதில் எழுதப்போவது டீச்சர். பிள்ளை உட்கார்ந்து பார்க்கும். நாங்கள் கேட்பது அதைவிட மிக மலிவானது. தரம் ஒன்று, இரண்டு வகுப்பறைகளின் சுவரில், பிள்ளையின் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பூசித் தாருங்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடமும்.

இன்று தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். அந்தக் காலத்து எங்களைவிட அதிகமாகவே தெரியும். தெரியாதது கைக்குத்தான். இரண்டு வரி எழுதியதும் கையை உதறுகிறார்கள். கொப்பியின் மேல் தலையைச் சாய்க்கிறார்கள். பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடித்து, தாள் கிழியும் வரை அழுத்துகிறார்கள். உம்மாமார் வந்து, “டீச்சர், இன்னும் ஒரு கொப்பி எழுதக் கொடுங்கள்” என்கிறார்கள். களைத்த கைக்கு இன்னொரு கொப்பி கொடுத்து என்ன பயன்?

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். எல்லோரும் வலது கையை முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக நன்றாக மடித்துக்கொண்டு விரல்களை இறுக்கிப் பொத்துங்கள். இறுகவில்லை அல்லவா? இப்போது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகச் சற்று நிமிர்த்திவிட்டுப் பொத்துங்கள். பிடி தானாக இறுகுகிறது. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. அதனால்தான் மணிக்கட்டு இருக்கும் நிலைக்கேற்ப விரலின் பலம் மாறுகிறது.

மேசையில் எழுதும் சிறு பிள்ளையின் மணிக்கட்டு பெரும்பாலும் மடங்கித்தான் கிடக்கும். நிமிர்த்திப் பிடி என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடும். அதே பிள்ளையைச் சுவர் முன் நிறுத்தி, கண்ணுயரத்தில் வரையச் சொல்லுங்கள். நாம் ஒன்றும் சொல்லாமலே மணிக்கட்டு நிமிர்கிறது. பெருவிரல் மற்ற விரல்களைப் பார்த்துத் திரும்புகிறது. மேசையில் முன்கைக்குச் சாய்ந்துகொள்ள இடம் இருக்கிறது. சுவரில் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியது தோளும் தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளும். தோள் உறுதியாக நின்றால்தான் விரல் நுணுக்கமாக அசையும். நிற்பதால் முதுகும் வயிறும் கால்களும் வேலை செய்கின்றன. பெரிய வானவில் ஒன்று வரையும்போது வலது கை உடம்பின் நடுவைத் தாண்டி இடப்பக்கம் போகிறது. இன்னொன்றும் உண்டு. கொப்பியில் ‘மேலே’ என்றால் பிள்ளைக்குத் தன்னிலிருந்து தூரம் என்று பொருள். சுவரில் மேலே என்றால் உண்மையாகவே மேலே.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி வரும். பட்டாணி போன்ற கடைசி எலும்பு தொடங்கவே பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேலாகும். ஐந்து வயதுக் கை இன்னும் கட்டி முடியாத வீடு. அதை மணிக்கணக்கில் வரி போட்ட கொப்பிக்குள் அடைக்கும் அவசரம் ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மரம் ஏறுவதும் மதில் தாண்டுவதும் ஆண்பிள்ளைகளுக்கு என்று ஆகிவிட்டது. நாங்களாவது கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், கொய்யா மரத்தில் தொங்கினோம். இப்போதைய சின்ன மகளுக்குப் பாடசாலை வான், மேசை, போன். தோளுக்கு மேலே கை உயர்வதற்கு நாளில் ஒரு காரணம்கூட இல்லை. மகளிர் கல்லூரியில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

நாங்கள் கேட்பது புதுமையானதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் என்ற முறையைத் தொடங்கினார்கள். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கு உருவாக்கிய முறையே அதற்கு முன்மாதிரி. 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அந்த வகுப்பறைகளில் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிவரக் கரும்பலகையாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அங்கே நோக்கம் பாடம்தான், கைத்தசை அல்ல. ஆனாலும் பிள்ளையின் கைக்கு எட்டும் பலகை பிள்ளைக்கே சொந்தம் என்பதை ஓர் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது பெரிய விடயம். நம் நாட்டுக்கும் 1944இல் மரியா மொண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எழுதுவதற்கு முன் கையைத் தயார்ப்படுத்த வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விடயம். எந்த முன்பள்ளியையும் ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கும் நாம், பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தை விட்டுவிட்டோம்.

வீட்டுச் சுவர்? பிங்கா ஓயா பெருகி நகருக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் சுவரைக் கழுவிப் பெயின்ட் அடித்தே அலுத்துப்போன உம்மாமாரிடம், பிள்ளையைச் சுவரில் கிறுக்க விடுங்கள் என்று சொல்ல எங்களுக்கும் வாய் வராது. அவர்களுக்கு ஒரு வழி: பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றும் ஒரு வாளித் தண்ணீரும். வெளிச்சுவரில் பிள்ளை தண்ணீரால் வரையட்டும். வெயில் வந்து அழித்துவிடும். பழைய கலண்டரின் பின்பக்கத்தை அலுமாரிக் கதவில் ஒட்டிக் கொடுத்தாலும் போதும். வெண்கட்டியை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளமான வெண்கட்டியைத்தான் பொத்திப் பிடிக்கலாம். துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். இழுப்பு உள்ள பிள்ளையென்றால் ஈரத் துணியால் அழியுங்கள், தூசு பறக்காது. கை வலித்தால் விட்டுவிட வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் தாராளம்.

சுவரில் வரைந்தால் கையெழுத்து முத்துப்போல் ஆகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. இது மருந்தும் அல்ல. பொத்தான் பூட்டவும் கரண்டி பிடிக்கவும் கஷ்டப்படும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் கை களைத்த பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதை இன்றோடு நிறுத்தலாம்.

கணக்குக்கு வருவோம். முழங்கால் உயரத்தில் தொடங்கி, பிள்ளை கையை உயர்த்தினால் எட்டும் வரை, சுமார் நான்கு அடி உயரம். சுவரைத் தேய்த்து மட்டப்படுத்த ஒரு மேசன், கரும்பலகைப் பெயின்ட், ஈரம் ஏறாத இடமாகப் பார்த்து ஒரு பக்கம். ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வீட்டில் என்று நாங்கள் எண்ணிச் சொல்லத் தேவையில்லை.

நூலகத்துக்கு வெளியே மாதிரிக்கு ஒரு பகுதியை நேற்றுப் பூசி வைத்திருக்கிறோம். காய்ந்துவிட்டது. வெண்கட்டித் துண்டுகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. தேநீர் குடித்த கையோடு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உடுப்பில் படும், பரவாயில்லை.