கடைச் சரக்கும் கணினிக் கணக்கும்



‘இறக்குமதி’ என்ற சொல் தீவகத்து மக்களுக்குப் புதியதன்று. ஊர்காவற்றுறை பழைய துறைமுகம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘கேய்ட்ஸ்’ என்ற பெயரே, கப்பல் அணையும் துறை என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. யானைகளைக் கப்பலேற்றி அனுப்பிய துறை அது. கரையில் நிற்கும் கணக்கர் கையிற் பட்டியல் இல்லாமல் எந்தத் துறையிலும் சரக்கு இறங்குவதில்லை. இறங்கும் பொருள் இன்னது, இத்தனை, இன்னாருக்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே அது களஞ்சியத்துட் செல்லும்.

இன்று அதே சொல் வேறொரு தொழிலுக்கும் வழங்குகின்றது. ஹாட்வெயார்க் கடையிலுள்ள நட்டு, போல்ற்று, பெயாரிங், குழாய், இயந்திர உதிரிப்பாகம் ஆகியவற்றின் பட்டியலைக் கணினியின் விரிதாளில் எழுதி, அங்கிருந்து இருப்புக் கணக்கு மென்பொருளினுள் ஒரே முறையிற் சேர்ப்பதையும் ‘இறக்குமதி’ என்றே சொல்லுகின்றோம். பெயர் ஒன்றாயிற்று, பழைய கணக்கரின் கவனம் மட்டும் பல இடங்களிற் கைவிடப்பட்டுவிட்டது. அதனால் விளையும் தொல்லையையும் அதைத் தவிர்க்கும் வழியையும் பற்றியதே இன்றைய பேச்சு.

இது நகரத்துப் பெருங்கடைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்றோ என்று சிலர் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் பாலம் இல்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறித்தான் போக வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். வாடைக் காற்று வலுத்துக் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையிற் பொருள் இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம். தீவில் இருப்பவருக்கு அடுத்த கடை கடலுக்கு அப்பால் இருக்கின்றது.

ஒரு மீனவரின் வெளியிணைப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீர்ப் பம்பினுள்ளே றப்பரினாற் செய்த சிறிய சக்கரம் ஒன்று சுழலுகின்றது. அது தேய்ந்தால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர் மேலே ஏறாது. இயந்திரம் சூடேறி இறுகிப்போகும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரத்துக்காக அவர் கடைக்குத் தொலைபேசியிற் பேசுகின்றார். கணினித் திரை ‘இருப்பு இரண்டு’ என்று காட்டுகின்றது. அவர் படகேறி வருகின்றார். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை வேறு வகை இயந்திரத்துக்கு உரியவை. கடை திருடவில்லை, கணினியும் கூட்டற் பிழை செய்யவில்லை. ஆயினும் அவருக்கு ஒரு நாட் பயணமும் ஒரு நாட் தொழிலும் போயிற்று.

இது எவ்வாறு நேர்கின்றது? யமஹா இயந்திரத்தின் பாக எண்ணை நோக்குங்கள். அது மூன்று பகுதிகளை உடையது. முதலிலுள்ள மூன்று குறிகள் அந்தப் பாகம் எந்த இயந்திர வகைக்காக ஆக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். நடுவிலுள்ள ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைக் காட்டும். கடைசி இரண்டு பிற்காலத் திருத்தத்தைச் சுட்டும். நடுவில் 44352 என்றிருந்தால் அது நீர்ப் பம்பின் சக்கரம். பட்டியல் எழுதியவர் அவசரத்தில் இந்த ஐந்து இலக்கங்களை மட்டும் எழுதிவிட்டால், பல இயந்திரங்களின் சக்கரங்கள் யாவும் ஒரே பொருளாகிவிடும்.

நான் இன்று வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. பாக எண் என்பது எண் அன்று. அது ஒரு பெயர். 6204 என்னும் பெயாரிங்கின் உட்டுளை 20 மில்லிமீற்றர். 6205 என்பதன் உட்டுளை 25 மில்லிமீற்றர். இவ்விரண்டையும் கூட்டினால் 12409 என்ற பெயாரிங் கிடைக்குமா? கூட்டவும் கழிக்கவும் இயலாத ஒன்றை எண் என்று எப்படிச் சொல்லுவது? இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

விரிதாள் இந்த வேறுபாட்டைத் தானாக அறியாது. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் இரு அமெரிக்கர் ‘விசிகால்க்’ என்ற மென்பொருளை வெளியிட்ட நாள் தொட்டு, விரிதாள் கணக்குப் போடுவதற்கென்றே வளர்ந்த கருவி. இன்று நாம் பெரிதும் வழங்கும் எக்செல்லும் அவ்வழி வந்ததே. இலக்கத்தைக் கண்டால் தொகை என்றும், இடையிற் கோட்டைக் கண்டால் திகதி என்றும் அது முடிவு செய்துவிடும். 00345 என்ற பாக எண்ணைத் தட்டினால், முன்னுள்ள சுழிகளுக்கு மதிப்பில்லை என்று நீக்கி 345 என்று வைத்துக்கொள்ளும். அரை அங்குலக் குழாய் என்பதற்கு 1/2 என்று மட்டும் தட்டினால், பெப்ரவரி முதலாந் திகதி என்று எண்ணும். 2025ஆம் ஆண்டிலே அப்படித் தட்டியிருந்தால், உள்ளே 45689 என்ற எண்ணாக அது பதிந்திருக்கும். 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வைப்பது அதன் வழக்கம். அந்த எண் மென்பொருளினுட் சென்றால், அரை அங்குலக் குழாயைத் தேடுபவருக்கு அது என்றைக்கும் அகப்படாது. 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட நீண்ட எண்ணாயின், 15க்குப் பிந்திய இலக்கங்கள் யாவும் சுழிகளாகிவிடும்.

படிப்பில்லாதவர்களுக்குத்தான் இது நேரும் என்று எண்ண வேண்டாம். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு அறிஞர் இட்ட சுருக்கப் பெயர்கள் மார்ச்சு, செப்ரெம்பர் மாதப் பெயர்களை ஒத்திருந்தன. விரிதாள் அவற்றைத் திகதிகளாக மாற்றிக்கொண்டே வந்தது. அறிவியற் கட்டுரைகளோடு வெளியான மரபணுப் பட்டியல்களிலே பெருந்தொகையானவற்றில் இப்பிழை புகுந்திருந்ததை 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக் காட்டினர். முடிவில், கருவியைத் திருத்த இயலாமல், 2020ஆம் ஆண்டில் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். தானாக மாற்றும் இவ்வழக்கத்தை நிறுத்தி வைக்கும் வசதி 2023ஆம் ஆண்டில்தான் எக்செல்லில் வந்தது. எனவே, வசதி இருப்பினும் இல்லாவிடினும், பட்டியலைத் தொடங்கும்போதே பாக எண்ணுக்கும் அளவுக்கும் உரிய நிரல்களை ‘எழுத்து’ என்று குறித்துவிட வேண்டும். எழுதி முடித்த பின்னர்க் குறிப்பதாற் பயனில்லை. போன சுழி திரும்பி வாராது.

அடுத்தது தமிழ் எழுத்தைப் பற்றியது. நம் நாட்டிற் பல கடைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவே வழங்கிவந்தது. அதில் தமிழாகக் காண்பது கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களே. எழுத்துரு அவற்றின்மேற் போர்த்திய போர்வை போன்றது. இறக்குமதி செய்யும்போது போர்வை கழன்றுவிடும். ‘ஆணி’ என்று எழுதிய இடத்திற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். ஆதலால் பழைய பட்டியலை முதலில் யுனிக்கோட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் யூ.டி.எவ். 8 என்ற வகையைத் தெரிந்தெடுக்க வேண்டும். இல்லையேல் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

மூன்றாவது, ஒரு பொருளுக்குப் பல பெயர். ‘பிளக்’ என்று ஓரிடத்திலும் ‘ஸ்பார்க் பிளக்’ என்று மற்றோரிடத்திலும் எழுதினால், கணினிக்கு அவை இரண்டு பொருள்கள். பெயரின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்தாலும் பல மென்பொருள்களில் இரண்டாகிவிடும். அலகிலும் இவ்வாறே. ஆணி பெட்டியாக வந்து கிலோவாக விற்கின்றது. கயிறு சுருளாக வந்து மீற்றராக விற்கின்றது. வந்த அலகு எது, விற்கும் அலகு எது, ஒன்றில் மற்றது எத்தனை என்று எழுதாவிட்டால், ‘இருப்பு ஐந்து’ என்பதற்குப் பொருளே இல்லை.

இனி, செய்முறையைச் சுருங்கச் சொல்லுகின்றேன். முதலில் தட்டில் உள்ள சரக்கைக் கையால் எண்ணுங்கள். பழைய பேரேட்டை நம்பி எழுத வேண்டாம். மென்பொருள் தரும் மாதிரித் தாளின் தலைப்புக்களை மாற்றாது அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அலகுகள், பொருள் வகைகள், சரக்குத் தருவோர் பெயர்கள் ஆகியவற்றை முதலிலும், பொருட்களை அடுத்தும், தொடக்க இருப்பைக் கடைசியிலும் சேருங்கள். ஆயிரம் வரிகளை ஒருங்கே அனுப்பாமல், பத்து வரிகளை அனுப்பிச் சரிபாருங்கள். அந்தப் பத்திலே சுழியில் தொடங்கும் எண் ஒன்று, பின்ன அளவு ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தொடக்க இருப்பை இருமுறை சேர்த்துவிடாதீர்கள். கடையில் இல்லாத சரக்கு கணக்கில் இரட்டிக்கும்.

எல்லாம் முடிந்த பின்னர், சென்ற வரிகள் எத்தனை, சேர்ந்த வரிகள் எத்தனை என்று ஒத்துப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், இங்கிலாந்தின் சுகாதாரத் துறை சோதனை முடிவுகளைப் பழைய வகை விரிதாளினூடாகக் கடத்தியது. அவ்வகைத் தாளில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சொல்லாமலே விடுபட்டன. 15,841 நோயாளரின் விபரம் உரிய நாளிற் சேராது போயிற்று. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதித்தது. எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இந்த வேலையை யார் செய்வது? கணினி தெரிந்த இளைஞரிடம் மட்டும் விட்டுவிடுவது பெரும்பாலான கடைகளின் வழக்கம். அவருக்கு விரிதாள் தெரியும், பொருள் தெரியாது. முப்பது ஆண்டுகள் கடையில் நின்ற பெரியவருக்குப் பொருள் தெரியும், விரிதாள் தெரியாது. இருவரும் பக்கத்திற் பக்கத்தில் அமர வேண்டும். “ஐயா, இது எந்த இயந்திரத்துக்கு உரியது?” என்று இளையவர் கேட்க, “தம்பி, பழைய பதினைந்து குதிரைவலு இயந்திரத்துக்கு, புதியதற்குப் பொருந்தாது” என்று பெரியவர் சொல்ல, அந்த விடை தாளில் ஏற வேண்டும். பெரியவரின் நினைவில் மட்டும் இருக்கும் அறிவு கடைக்கு நிலையான உடைமையாவது அப்போதுதான்.

அவ்வாறு ஆக்கிய பட்டியலின் படி ஒன்றைத் தீவுக்கு வெளியேயும் வைத்திருங்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பெட்டி பெட்டியாகப் பேரேடுகளைத் தூக்கிச் செல்ல யாரால் முடிந்திருக்கும்? இன்றைய பட்டியல் விரல் நகத்தளவான ஒரு கருவியில் அடங்கிவிடும். அதைக் காக்காமல் விடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

தீவகத்துக்கு வேண்டிய உதிரிப்பாகங்களின் வகை இனிமேற் பெருகுமேயன்றிக் குறையாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் பெறும் திட்டத்துக்கு, இந்திய அரசின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அத்தகைய நிலையங்களிலும் ஒரு சிறு பாகம் பழுதானால், அது எங்கே இருக்கின்றது என்பதை ஒரு கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதுபவர், கடலுக்கு அப்பால் ஒருவர் அதை நம்பிப் படகேறுகின்றார் என்பதை மனத்திற் கொண்டு ஒவ்வொரு வரியையும் எழுதுவாராக.